நோயும் இல்லறமும்

யாக்கை நோய்க்கு இடமாதல் யாவரும் அறிந்ததே. ஆயினும் கொடுநோய் ஒருவரை மட்டும் பற்றுவதன்று. அவர்தம் இல்லம் முழுவதையும் பற்றுகின்றது. திருமுதுகுன்றம் என்னும் விருத்தாசலத்திலே பீங்கான் தொழிலால் வாழும் குடும்பம் ஒன்றினைக் கருதுக. புற்றுநோய் என மருத்துவர் துணிந்துரைத்த அன்றே, சூளையருகு உழைத்துப் பொருளீட்டிய தந்தை மகன் கையை நோக்குகின்றார். சமைத்தூட்டிய தாய் மருத்துவமனை வாயிலிற் காத்திருக்கின்றார். பள்ளி செல்லும் சிறுமி அடுப்பை ஏற்கின்றாள். ஈண்டு இரண்டு வினாக்கள் எழுகின்றன. நோய் பிராரத்தப் பயனாயின், பிறர் செய்யத்தக்கது யாது? தம் கடமை ஆற்றமாட்டாத நோயாளர்க்கு இனி மதிப்பு யாது?

பிராரத்தம் நுகர்ந்தே கழிதற்குரியது என்பது சித்தாந்தத் துணிபு. அதுகொண்டு, “அவர் வினை, அவர் நுகர்க” என வாளாவிருப்பார் தம் மடிக்கு நூலைத் துணைக்கொள்கின்றனர். நோயுறுதல் ஒருவர்க்குப் பிராரத்தமாயின், அவரைப் பேணுதலும் பேணாதொழிதலும் அருகிருப்பார்க்கு ஆகாமியமாம். பிறர் வினையின் அளவை நாம் அறியோம். அவர்தம் துன்பத்தை அறிவோம். அறிந்ததன்கண் அன்றோ கடமை பிறக்கும்! தம் தங்கையார் இந்நோயால் 1923இல் இறக்கக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், வினையென்று வாளாவிராது, 1954இல் சென்னை அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவ நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கச் செய்தமை காண்க.

இரண்டாம் வினாவிற்கு விடை இந்நடுநாட்டுத் திருவதிகையிலேயே உளது. தருமசேனர் எனத் தலைமையுற்று விளங்கிய மருணீக்கியார், சூலையால் நொந்து தமக்கையார் திலகவதியாரை அடைந்தார். அம்மையார் திருநீறளித்து, வைகறையில் அலகும் மெழுக்கும் தோண்டியும் கொண்டு தாம் நாடோறும் திருக்கோயிற்குச் செல்லும்பொழுது தம்பியாரையும் உடனழைத்துச் சென்றனர் எனச் சேக்கிழார் பெருமான் அருளினார். தம் பணியை நிறுத்தினாரில்லை. நோயாளரைப் பின்னே விட்டாருமில்லை. தலைவர் அடைக்கலமாயினார்; முறைமை மாறிற்று, மதிப்பு மாறிற்றில்லை. சூலை நீங்கியது திருவருள். எந்நோயும் அவ்வாறே நீங்கும், மருந்து வேண்டா என்பது இதன் கருத்தன்று.

பணிசெய்து பழகினார்க்குப் பிறர் பணியை ஏற்றல் அரிது. “யான் ஈட்டினேன், யான் ஊட்டினேன்” என்னும் முனைப்பு அங்கே தேய்கின்றது. பேணுவார்க்கு அன்பு முதிர, பேணப்படுவார்க்குத் தற்போதம் கழிதலின், இருவர்க்கும் அது சாதனமே. ஈட்டுவோர், ஊட்டுவோர் என்பன உடம்பைச் சார்ந்த நிலைகள். அவை கழிந்தவழி உயிரின் மதிப்புக் குறைவதில்லை.

குடத்திற்கு மண்ணும் திரிகையும் குயவனும் முறையே முதல், துணை, நிமித்த காரணங்களாம் என நம் ஆசிரியர் காட்டும் உவமை விருத்தாசலத்தார்க்குப் பழகிய பொருள். சூளையிற் சுட்ட கலம் உடையுமன்றிப் பிறிதோர் உருக்கொள்ளாது. பச்சை மண்ணோ குயவன் கைக்கு இசையும். “இது என் வேலை, அஃது உன் வேலை” என இறுகிய இல்லம் சுட்ட கலத்தை ஒக்கும். அன்பினால் நெகிழும் இல்லம் பச்சை மண்ணை ஒக்கும்.

ஆயின் நெகிழ்தல் பெண்டிர்க்கு மட்டும் உரியதன்று. சுமை முழுவதையும் ஒரு சிறுமியின் தலையிலேற்றி, அவள் கல்வி கெட, ஆடவர் புறத்தே இருப்பராயின் அது தொண்டன்று. அரசெனப் போற்றப்பெற்ற நாவுக்கரசரே கையில் உழவாரம் ஏந்தினார். ஆடவர் அடுப்பும் துடைப்பமும் ஏந்துதல் எங்ஙனம் இழிவாகும்? நோயுற்ற இல்லத்திற் செய்யும் அப்பணியும் சிவத்தொண்டே என்க.