ஃபிர்அவ்ன் சொல்லிக்காட்டிய உபகாரம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



முஹர்ரம் பிறந்துவிட்டது. ஒன்பதிலும் பத்திலும் நோன்பு வைக்க நிய்யத் செய்திருப்பீர்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்கிருந்த யூதர்கள் ஆஷூரா நோன்பு வைத்திருப்பதைக் கண்டார்கள். பனூ இஸ்ராயீல்களை அல்லாஹ் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றிய நாள் இது என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். மூஸா (அலை) அவர்களுக்கு அவர்களைவிட நாமே நெருக்கமானவர்கள் என்று அறிவித்து, நபியவர்கள் தாமும் நோன்பு வைத்தார்கள். நம்மையும் வைக்கச் சொன்னார்கள். ஒரு நாள் பசித்திருந்தால் மட்டும் அந்த நெருக்கம் நமக்கு வந்துவிடுமா?

சில வாரங்களுக்கு முன் மஃரிபுக்குப் பிறகு ஒரு சகோதரர் வந்தார். வாழப்பாடி பக்கம் செங்கல் சூளை வைத்திருப்பவர். "ஹஜ்ரத், ஒரு குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்து வேலைக்கு வச்சேன். பாதியிலேயே ஊருக்குப் போறேங்கறான். கணக்கு முடியாம விடக்கூடாதுன்னு ரேஷன் கார்டை வாங்கி வச்சிருக்கேன். அவன் தங்கச்சி கல்யாணமே என் பணத்துலதான் நடந்துச்சு. நான் செய்றது தப்பா?" என்று கேட்டார்.

நல்ல மனிதர், தொழுகையாளி. மனம் உறுத்தியதால்தான் கேட்டார். வீட்டுக்குப் போய் அஷ்ஷுஅரா சூராவின் தர்ஜமாவைப் படித்துப் பாருங்கள் என்றேன்.

பனூ இஸ்ராயீல்களை எங்களோடு அனுப்பிவிடு என்று மூஸா (அலை) அவர்கள் கேட்கிறார்கள். ஃபிர்அவ்ன் அதற்குப் பதில் சொல்லவில்லை. குழந்தையாக இருந்த உன்னை நாங்கள் வளர்க்கவில்லையா என்று உபகாரத்தைச் சொல்லிக்காட்டுகிறான். என் சமுதாயத்தையே அடிமையாக்கி வைத்திருக்கிறாயே, அதுதான் நீ சொல்லிக்காட்டும் உபகாரமா என்று மூஸா (அலை) அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். முஃபஸ்ஸிர்கள் இதை இப்படியும் விளக்குவார்கள்: நீ எங்கள் ஆண் குழந்தைகளைக் கொல்லாமல் இருந்திருந்தால், என் தாய் ஏன் என்னைப் பேழையில் வைத்து நதியில் விடப்போகிறார்? நான் ஏன் உன் வீட்டில் வளரப்போகிறேன்?

சகோதரர்களே, அந்தக் கேள்வியை நம் பக்கம் திருப்புங்கள். அவன் உழைப்புக்கு உரிய கூலி கிடைத்திருந்தால், தங்கை கல்யாணத்துக்கு அவன் ஏன் நம் வாசலில் வந்து நிற்கப்போகிறான்?

யூதர்கள் இந்த வரலாற்றைத் தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் போதிக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் முன்னோர் மிஸ்ரில் களிமண்ணிலும் செங்கலிலும் வதைபட்டார்கள். விடுப்புக் கேட்டபோது ஃபிர்அவ்ன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அதே எண்ணிக்கைக்கு கல் அறுக்கச் சொன்னான் என்று அவர்களுடைய வேதம் சொல்கிறது. பெஸஹ் பண்டிகை இரவில் புளிக்காத ரொட்டியும் கசப்புக் கீரையும் வைக்கிறார்கள். செங்கல் வேலையின் சாந்தை நினைவூட்ட ஒரு பழக் கலவையும் வைக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும், தானே மிஸ்ரிலிருந்து வெளியேறி வந்ததாக எண்ண வேண்டும் என்பது அவர்களின் போதனை. இது எங்கோ தூரதேசத்துச் செய்தி அல்ல. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஆலயம் இன்றும் நிற்கிறது.

அந்த நினைவுக்குப் பின்னால் கட்டளைகளும் உண்டு. ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடு; விடுதலை செய்யும் அடிமையை வெறுங்கையோடு அனுப்பாதே; ஏனென்றால் நீயும் மிஸ்ரில் அடிமையாக இருந்தாய். முந்தைய வேதங்களில் மாற்றங்கள் நேர்ந்தன என்பது நம் நம்பிக்கை. ஆனால் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்துக்கு இந்தப் போதனை அந்நியமாகத் தெரியாது. அவர்கள் இதன்படி நடந்தார்களா என்பது அவர்களிடம் கேட்கப்படும். நாம் நடந்தோமா என்பது நம்மிடம் கேட்கப்படும்.

மறுமையில் மூன்று பேருக்கு எதிராக அல்லாஹ்வே வழக்காடுவான் என்று புகாரியில் வருகிறது. சுதந்திர மனிதனை விற்று அந்தக் காசைத் தின்றவன் அவர்களில் ஒருவன். முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன் இன்னொருவன்.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. முன்பணம் கொடுப்பது குற்றமல்ல. அதைக் காட்டி ஒருவனைப் போகவிடாமல் தடுத்தால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே ரத்தாகிவிடும். தடுத்தவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் உண்டு.

வாங்கியவருக்கும் ஒரு வார்த்தை. கைமாற்றாக வாங்கிய கடன் அமானிதம். கடனோடு மௌத்தாவது சாதாரண விஷயமல்ல. ஆனால் கொடுக்க முடியாதவனுக்கு அவகாசம் தரச் சொல்கிறது குர்ஆன். தள்ளுபடி செய்வது இன்னும் சிறந்தது என்கிறது. அவன் கால்களைக் கட்டிப்போட எங்கும் அனுமதி இல்லை.

அடுத்த ஜும்ஆவுக்கு அந்தச் சகோதரர் வந்தார். "கார்டைக் கொடுத்துட்டேன் ஹஜ்ரத். அவங்க கிளம்பிட்டாங்க. பணம் இனி வராதுல்ல?" என்றார். வராமல் போகலாம் பாய் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒளூ செய்யப் போனார்.

ஆஷூரா ஸஹருக்கு எழும்போது ஒருமுறை யோசித்துப் பாருங்கள். உங்கள் சூளையில், தறியில், பண்ணையில், கடையில், வீட்டு அடுப்படியில் போக முடியாமல் நிற்பவர் யாராவது உண்டா? உங்கள் மேசை டிராயரில் இன்னொருவரின் கார்டு இருக்கிறதா? இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நோன்பு வையுங்கள்.

யா அல்லாஹ்! மூஸா (அலை) அவர்களுக்கு நெருக்கமானவர்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் கையால் எந்த அடியானின் கழுத்திலும் விலங்கு விழாமல் காப்பாயாக! ஆமீன்.