அச்சத்தின் இரு கரைகள்

2011-ஆம் ஆண்டு டிசம்பரில், முல்லைப் பெரியாற்று அணையை முன்னிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு கொந்தளித்து, கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜனங்கள் திரள் திரளாகக் குமுளியை நோக்கி நடந்த நாட்களில், ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஒரு ஜீப்பின் நம்பர் பலகையை அதன் சொந்தக்காரர் ஈரச் சாக்கினால் மூடிச் சணல் கொண்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். பதிவெண் கேரளத்துடையது, மனிதரோ எங்கள் ஊர்க்காரர்.

"நம்ம பயலுகதானே அண்ணே, எதுக்கு இது?" என்றேன்.

"நம்ம பயலுகதான். கூட்டத்துல யாருக்கு யாரைத் தெரியும்?" என்றார்.

அந்தச் சாக்கு இன்றளவும் என் சிந்தையை விட்டு அகலவில்லை. அதை அவர் கட்டியது எவர்மீதும் கொண்ட துவேஷத்தால் அன்று. தமக்குச் சத்துருவே அல்லாதவர்களிடம் கொண்ட பயத்தால். அதே வாரத்தில், மலைக்கு அப்பால், தமிழ்க் குடும்பங்கள் தோட்டங்களை விட்டுக் காட்டுவழியே இறங்கி வந்தன.

பின்னணி யாவரும் அறிந்ததே: 1886-இல் 999 ஆண்டுகளுக்கு எழுதப்பட்ட குத்தகை, 1895-இல் திறக்கப்பட்ட அணை, 1979-இல் 136 அடிக்குத் தாழ்த்தப்பட்ட நீர்மட்டம், அதனை 142 அடியாக்கலாம் என்ற 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இங்கே வயல் காயுமோ என்ற பயம். வண்டிப்பெரியாற்றிலே, 2011-இல் இடுக்கியை உலுக்கிய சிறு நில அதிர்வுகளுக்குப் பின், அணை உடைந்து இரவோடு இரவாக வெள்ளம் வருமோ என்ற பயம். இரண்டில் எதனையும் பொய்யென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

சிறு வயதில், முறைப்பாசனக் காலங்களில், என் பாட்டனார் இரவெல்லாம் மடையருகே மண்வெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார். எதிர்வரப்பில் பக்கத்து வயல்காரரும் அவ்வாறே படுத்திருப்பார். வெற்றிலையை மாற்றிக்கொண்டு விடியும்வரை பேசுவார்கள். ஆயினும் இருவரில் ஒருவரும் மண்வெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததில்லை. அவர் படுத்திருப்பதால் இவர். இவர் படுத்திருப்பதால் அவர்.

கல்லூரி நாட்களில் துசிடிடீஸைப் படித்தபோது, ஏதென்ஸின் வளர்ச்சி ஸ்பார்ட்டாவில் எழுப்பிய அச்சமே பெலப்பொனீசிய யுத்தத்தின் உண்மைக் காரணம் என்று அவர் கருதுவதைக் கண்டு, பாட்டனாரின் மண்வெட்டியையே நினைத்தேன். கௌடில்யரோ எல்லையை ஒட்டிய அரசனை இயல்பிலேயே பகைவனென்று வகுத்துவிட்டார். 1959-இல் கென்னத் வால்ட்ஸ், யுத்தத்தின் காரணத்தை மனித சுபாவத்திலும் அரசுகளின் அமைப்பிலும் தேடியபின், அரசுகளுக்கு மேலே அவற்றைத் தடுக்கவல்ல அதிகாரம் ஏதும் இல்லாமையிலும் கண்டார்.

இங்கே அத்தகைய அதிகாரம் இருந்தது: ஒரே அரசியல் சட்டம், ஒரே உச்ச நீதிமன்றம், 144 தடையுத்தரவு. இருந்தும் கூட்டம் மலையேறிற்று. சாக்கும் நம்பர் பலகையில் ஏறிற்று. பின் அது யுத்தமாக முற்றாமல் நின்றது எதனால்? அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு 2014 மே மாதத்தில்தான் வந்தது. ஜீப்புகளோ அதற்கு வெகு முன்பே மலையேறத் தொடங்கிவிட்டன. பழுத்த ஏலக்காயைப் பறித்தாக வேண்டும். போடியில் ஏலம் நடந்தாக வேண்டும். அங்கே உலை கொதிக்க இங்கிருந்து காய்கறி போக வேண்டும். வாணிபமே சமாதானத்தைக் காத்தது என்று முடித்துவிடலாமென்றால், கலகத்தில் முதலில் மறிக்கப்பட்டதும் அந்த வாணிபப் பாதைகளே அல்லவா? மேலே ஒரு நீதிமன்றம் உண்டென்ற நினைவுதான் அன்று கைகளைக் கட்டியதா, வயிற்றுப்பாடு கட்டியதா, அல்லது இருதரப்பாரும் வெறுமனே களைத்துப் போனார்களா என்பதை என்னால் நிச்சயித்துச் சொல்ல இயலவில்லை. அன்று தடுத்தது எதுவோ அது இன்னொரு முறையும் தடுக்கும் என்று நம்ப விரும்புகிறேன், நம்புகிறேன் என்று சொல்லத் துணிவில்லை.