ஷைத்தானும் நியாயங்களும்

ஒரு மனிதன் விளையாட்டுக்காக ஷைத்தானாக நடிக்கலாமா? இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடியவர்கள் எவருக்கும் நான் அப்படியொரு விளையாட்டில் இருந்த விடயமே தெரியாது. இருபது வருடங்களாக நானே என்னிடம் கேட்டு, பதில் சொல்லாமல் ஒத்திவைத்து வந்த கேள்வி இது. இப்போது எழுதிப் பார்க்கலாம் என்று படுகிறது.

2005 இல் நான் லண்டனில் படித்துக்கொண்டிருந்தேன். பகலில் வகுப்பு, இரவில் ஒரு கடையில் வேலை. வாடகை வீட்டில் என்னோடு வேறு நால்வர் இருந்தார்கள். ஞாயிறு பின்னேரங்களில் அவர்கள் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஆறாவது வாரம் எனக்கும் ஒரு கதிரை போட்டார்கள்.

இவ்வகை விளையாட்டில் பலகையோ காய்களோ இல்லை. ஒருவர் கதைசொல்லி. மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். கதைசொல்லி ஒரு நிலைமையைச் சொல்வார். என் பாத்திரம் என்ன செய்யும், என்ன பேசும் என்பதை நான் சொல்லவேண்டும். செய்தது பலிக்குமா என்பதைப் பத்து முகங்கள் கொண்ட பகடைகள் தீர்மானிக்கும். ஒரு தாளில் பாத்திரத்தின் குணங்களைப் பென்சிலால் குறித்து வைத்திருப்போம். அவ்வளவுதான். நாடகம் போன்றது, ஆனால் எழுதி வைத்த வசனம் இல்லை, பார்வையாளரும் இல்லை.

நாங்கள் ஆடியது ‘டீமன்: த ஃபாலன்’ என்ற விளையாட்டு. அமெரிக்காவின் வைட் வுல்ஃப் நிறுவனம் 2002 இல் அதன் புத்தகத்தை வெளியிட்டது. 2004 இல் அந்நிறுவனம் அந்தக் கற்பனை உலகத்தைச் சார்ந்த தொடர்கள் அனைத்தையும் முடித்துக்கொண்டபோது இதுவும் நின்றுபோனது. நாங்கள் ஆடத் தொடங்கும்போது அது அச்சில் இல்லாத புத்தகம். எங்கள் கதைசொல்லி அதைப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கியிருந்தார்.

அதில் ஆட்டக்காரர் எல்லோருமே ஷைத்தான்கள். கதை இதுதான்: மனிதனை நேசிக்கும்படி வானவர்களுக்குக் கட்டளை, அதேவேளை அவனுக்குத் தம்மை வெளிக்காட்டக் கூடாது என்றும் கட்டளை. நேசிப்பவன் எப்படி ஒளிந்திருப்பான் என்று ஒரு கூட்டம் கிளர்ச்சி செய்கிறது. தோற்று, நீண்ட காலம் பாதாளத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. நம் காலத்தில் அச்சிறையில் வெடிப்பு விழ, தப்பி வருபவர்கள் ஆன்மா சோர்ந்துபோன மனிதர்களின் உடல்களில் புகுந்துகொள்கிறார்கள். புகுந்த உடலோடு அம்மனிதனின் நினைவுகளும் பாசங்களும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு நல்லவனாவதா, பழைய வன்மத்தோடு மிருகமாவதா என்பதே ஆட்டம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. இது நம்முடைய ஷைத்தானே இல்லை! நம் நம்பிக்கையில் மலக்குகள் மாறு செய்வதில்லை. இப்லீஸ் ஜின் இனத்தவன் என்கிறது குர்ஆன். அவன் வீழ்ந்தது மனிதன் மீதுள்ள அன்பினாலும் அல்ல. நெருப்பால் படைக்கப்பட்ட தான் களிமண்ணால் ஆனவனுக்குச் சிரம் பணிவதா என்ற பெருமையினால். ஆகவே யாரோ அமெரிக்கர்கள் கட்டிய கதையொன்றில் நான் நடிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன்.

பகடைதான் சற்று உறுத்தியது. நர்த் என்னும் பகடை விளையாட்டைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஓதப்பள்ளியில் கேட்டது மறக்கவில்லை. ஆனால் அது ஆறுமுகப் பகடையைப் பற்றியது, இது பத்துமுகம். அங்கே பந்தயம், இங்கே காசு இல்லை. இப்படி அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அந்த நியாயம் சரியா பிழையா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். எவ்வளவு விரைவாக அது எனக்குக் கிடைத்தது என்பதை மட்டும் வாசகர் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒவ்வொரு பாத்திரத்தின் தாளிலும் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று நம்பிக்கை. மனிதர் நம்மை நம்புவதால் கிடைக்கும் வலிமை அது. யாருக்காவது ஓர் உபகாரம் செய்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அவருடைய நம்பிக்கை ஊற்றுப்போல் வந்துகொண்டிருக்கும். மற்றது வேதனை. கொடுமை செய்யச் செய்ய அது ஏறும். ஏறினால், நன்மைக்காக உயர்த்திய கையிலிருந்தும் தீமையே வெளிப்படத் தொடங்கும். பத்தைத் தொட்டுவிட்டால் பாத்திரம் ஆட்டக்காரனின் கையை விட்டுப் போய்விடும்.

என் ஷைத்தான் மூச்சையும் உயிரையும் காக்கும் பொறுப்பிலிருந்த வானவனாக முன்பு இருந்தவன். அவன் ஒரு விதவையின் நோயுற்ற பிள்ளையைக் குணப்படுத்தினான். அவள் ஒப்பந்தம் செய்து அவனுடைய ஆளானாள். அதுவரை நல்ல கதை. சில வாரங்களின் பின் எங்கள் கூட்டத்துக்கு ஓர் ஆபத்து வந்தது. வலிமை போதவில்லை. ஒப்பந்தம் செய்தவரின் மனத்திடத்தையே உறிஞ்சி வலிமை எடுக்க விதி இடம் தருகிறது. நான் அந்த விதவையிடமிருந்து எடுத்தேன். அடுத்த வாரமும் எடுத்தேன். மூன்றாவது முறை எடுத்தபோது, அவள் சமையலறையில் எதற்கு வந்தோம் என்பதை மறந்து நின்றுகொண்டிருக்கிறாள், பிள்ளை அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று கதைசொல்லி சொன்னார். சொல்லிவிட்டு என் தாளில் வேதனையைக் கூட்டச் சொன்னார்.

நான் மறுத்தேன். அரை மணித்தியாலம் வாதாடினேன். அந்தப் பிள்ளை உயிரோடு இருப்பதே என்னால்தான். நான் எடுத்தது எனக்காக அல்ல, எல்லோரையும் காப்பாற்ற. நான் வலிமை பெற்றால் நாளை அவளுக்கே பத்து மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன். அவள் கேட்காதபோது நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்? நண்பர்கள் சிரித்தார்கள், பிறகு ரசித்தார்கள். “நீ ஒரு வழக்கறிஞனாக வேண்டியவன்” என்றார் ஒருவர். கடைசியில் கதைசொல்லி கையை விரித்துவிட்டார். நான் பென்சில் குறியை அழிறப்பரால் அழித்தேன். வென்றுவிட்ட சந்தோஷம்.

அறைக்கு வந்து தொலைபேசி அட்டையைச் சுரண்டி ஊருக்கு எடுத்தேன். ராத்தா பேசினார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நான் லண்டன் போவதற்கு வாப்பா ராத்தாவின் எட்டுப் பவுண் நகையை விற்றார். ஒரு வருடத்தில் திருப்பிவிடுவேன் என்று ராத்தாவின் முகத்தைப் பார்த்து நான் சொன்னேன். இரண்டு வருடமாகியிருந்தது.

“தம்பி, அவசரமில்ல. மூத்தவள்ட காரியமொண்டு பேசி வருது. அதான் கேட்டன்” என்றார் ராத்தா.

“ராத்தா, நான் இஞ்ச எனக்காகவா கிடக்கிறன்? படிச்சி முடிச்சா நம்ம எல்லாருக்கும்தானே. அப்ப எட்டென்ன, பதினாறு பவுணாத் தாறன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு முன் கீழே மேசையில் ஷைத்தான் பேசிய அதே வசனம். சொல் மாறியிருந்தது, சாரம் மாறவில்லை. எனக்காக அல்ல. எல்லோருக்கும். நாளை பத்து மடங்கு. ராத்தா “சரி தம்பி, உடம்பப் பாத்துக்க” என்று வைத்துவிட்டார்.

விளையாட்டு என்னைக் கெடுத்துவிட்டது என்று இதற்கு ஒருவர் விளக்கம் சொல்லலாம். அமெரிக்காவில் 1980களில் இந்தப் பயம் பெரிதாக இருந்தது. 1974 இல் வெளிவந்த ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு பிள்ளைகளை ஷைத்தானிடம் சேர்க்கிறது, தற்கொலைக்குத் தள்ளுகிறது என்றார்கள். மகனைத் தற்கொலையில் இழந்த பட்ரிஷியா புல்லிங் என்ற தாய் 1983 இல் அதற்கெதிராக ஓர் அமைப்பையே தொடங்கினார். அவருடைய துயரம் உண்மையானது. ஆனால் விளையாட்டுத்தான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை. 1989 இல் வந்த அந்த விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் ‘டீமன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு யாருக்கும் விளங்காத வேறொரு பெயரை வைத்தார்கள். பூதங்கள் அப்படியே இருந்தன, பெயர்தான் போனது. 2000 இல் மூன்றாம் பதிப்பில் பெயரும் திரும்பி வந்தது.

அந்தப் பயத்தின் பிழை எனக்கு இப்படிப் படுகிறது. அது ஷைத்தானை வெளியே, ஒரு பெட்டிக்குள், ஒரு பெயருக்குள் தேடியது. என் விடயத்தில் ஒழுங்கு தலைகீழாக இருந்தது. அந்த வசனங்களை மேசையில் கற்று நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. இரண்டு வருடமாகத் தொலைபேசியில் பேசிப் பழகியதைத்தான் மேசைக்குக் கொண்டுபோனேன். அதனால்தான் அத்தனை சரளமாக வந்தது. சி. எஸ். லூயிஸ் 1942 இல் ஒரு ஷைத்தான் தன் மருமகனுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூல் செய்தார். அப்படி எழுதுவது சுலபமாக இருந்தது, ஆனால் இன்பமாக இருக்கவில்லை என்று பின்னாளில் கூறினார். எனக்கோ சுலபமாகவும் இருந்தது, இன்பமாகவும் இருந்தது. யோசிக்க வேண்டியது அந்த இன்பத்தைப் பற்றித்தான்.

“வெறும் விளையாட்டுத்தானே” என்ற மறுபக்க வாதத்தோடும் என்னால் உடன்பட முடியவில்லை. வெறும் விளையாட்டென்றால் ஒரு பென்சில் குறிக்காக நான் ஏன் அரை மணித்தியாலம் போராடினேன்? தோற்பது பற்றிய பயம் அல்ல அது. நான் செய்தது பிழை என்று ஒரு தாளில்கூடப் பதிவாகக் கூடாது என்ற பிடிவாதம்.

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்பது நம் மார்க்கத்தின் அத்திவாரங்களில் ஒன்று. ஆனால் நிய்யத்தை அறிபவன் அல்லாஹ். அதை நானே அறிந்துவிட்டதாகவும், அது நல்லதென்றும் எனக்கு நானே சான்றிதழ் எழுதிக்கொள்ளும்போது அந்த அத்திவாரத்தையே நான் மறைவிடமாக்கிவிடுகிறேன். இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதற்கென்று தனியாக ஒரு பாகம் ஒதுக்கினார். அறிஞர், வணக்கசாலிகள், ஸூஃபிகள், செல்வந்தர் என்று வகைப்படுத்தி, ஒவ்வொரு கூட்டமும் தன் நன்மைகளைக் கொண்டே எப்படி ஏமாறுகிறது என்று காட்டினார். கெட்டவர்களைப் பற்றிய பட்டியல் அல்ல அது.

ஆதமும் இப்லீஸும் இருவருமே கட்டளைக்கு மாறு செய்தவர்கள் என்பதை அந்த நாட்களில்தான் நான் ஊன்றிக் கவனித்தேன். வித்தியாசம் அதற்குப் பிறகு பேசிய பேச்சில் இருக்கிறது. எங்களுக்கு நாங்களே அநீதி செய்துகொண்டோம் என்று ஆதமும் அவர் மனைவியும் சொன்னார்கள். நீதான் என்னை வழிகெடுத்தாய் என்று இப்லீஸ் இறைவனிடமே கணக்குச் சொன்னான். அவனிடம் காரணம் இருந்தது, தர்க்கமும் இருந்தது. பிழையை ஒப்புக்கொள்ள ஒரு சொல் மட்டும் இருக்கவில்லை. இப்லீஸ் மறுத்தது இறைவன் மீதிருந்த தனிக்காதலால்தான் என்ற கோணத்தை 922 இல் பக்தாதில் கொல்லப்பட்ட ஹல்லாஜ் தமது தவாஸீனில் எழுதிப் பார்த்தார். அந்த அமெரிக்க விளையாட்டும் வேறொரு வழியால் அதே இடத்துக்குத்தான் வருகிறது: ஷைத்தானும் அன்பினால்தான் விழுந்தான். இலக்கியமாக அது என்னை இன்றும் அசைக்கிறது. ஆனால் அன்பு என்ற காரணம் வீழ்ந்தவனின் வாயிலிருந்து வருகிறது என்பதை மறக்காமல் வாசிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு நான் அழித்த குறியைத் திரும்பப் போட்டேன். கதைசொல்லி ஆச்சரியப்பட்டார், காரணம் கேட்கவில்லை. அது சுலபமான வேலை. மற்றது சுலபமாக இருக்கவில்லை. இரண்டு வருடத்தில் தங்கம் விலை ஏறியிருந்தது. வாப்பா விற்ற அன்றைய காசைக் கொடுப்பதா, எட்டுப் பவுணைக் கொடுப்பதா என்ற கேள்விக்கும் எனக்குள் வழக்கறிஞன் எழுந்து நின்றான். மூத்தவளின் கலியாணத்துக்கு மூன்று பவுணுக்குத்தான் என்னால் அனுப்ப முடிந்தது. மிச்சம் ஐந்தும் போய்ச்சேர மேலும் நான்கு வருடம் சென்றது. அதற்குள் ராத்தா வேறிடத்தில் கடன்பட்டிருந்தார். அந்தக் கடனுக்கு அவர் அனுபவித்ததை எந்தப் பவுணில் நிறுப்பது?

ஷைத்தானாக நடிக்கலாமா என்ற கேள்விக்கு நான் ஃபத்வா சொல்லத் தகுதியுள்ளவன் அல்ல. நடிக்காமல் இருப்பவர்கள் என்னைவிடப் பேணுதலானவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சொல்லக் கூடியது ஒன்றுதான்: அந்த மேசையில் நடித்ததால் என் வாதத்தை என் காதாலேயே கேட்க முடிந்தது. தொலைபேசியில் இரண்டு வருடம் பேசியபோது அது எனக்குக் கேட்கவில்லை.

லண்டனை விட்டு வரும்போது கதைசொல்லி அந்தப் புத்தகத்தை எனக்குத் தந்துவிட்டார். ஊரில் பெட்டியைப் பிரித்தபோது ராத்தா கையில் எடுத்துப் புரட்டினார்.

“என்ன தம்பி இது, ஷைத்தான்ட படமெல்லாம்?”

“ஒரு விளையாட்டுப் புத்தகம் ராத்தா” என்றேன்.

முழு விடயத்தையும் அன்று நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும்.