எல்லாருக்குந்தானே?

எங்க சேரிக்குள்ள ஒரு ராத்திரி போலீஸ் புகுந்து அடித்தது. மறுநாள் வீங்கிய கையோடு பெரியப்பா மனு எழுதிக்கொண்டு போனார். வாங்கிப் படித்த அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான்: "எல்லாரையுந்தானய்யா அடிச்சிருக்காங்க. ஒனக்கு மட்டும் என்ன தனியா?" பெரியப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் பல வருஷம் தெரியவில்லை. அங்கி போட்ட நீதிபதிகளும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்பதைப் பின்னால்தான் படித்தேன்.

இங்கிலாந்தில் தஞ்சம் கேட்ட ஈழத்தமிழ் இளைஞர்கள் ஐந்து பேரின் வழக்கு அது. அகதியின் அச்சம் அவன் மனசில் இருந்தால் போதாது, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கும் அதற்கு ஆதாரம் தெரிய வேண்டும் என்று 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. 1988 பிப்ரவரியில் ஐவரையும் இலங்கைக்கு விமானம் ஏற்றினார்கள். மேல்முறையீடு உண்டு, ஆனால் அன்றைய சட்டப்படி நாட்டைவிட்டுப் போன பிறகுதான் அதைச் செய்ய முடியும். அடி விழுகிற இடத்தில் நின்றுகொண்டு, அடி விழும் என்று வாதாடணும். அப்படியே வாதாடி 1989 மார்ச்சில் ஜெயித்தார்கள். அனுப்பியது தப்பு என்று தீர்ப்பாகி, திரும்ப இங்கிலாந்துக்கே வந்தார்கள்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991 அக்டோபர் 30 அன்று சொன்னது வேறு. திரும்பிப் போனவர்களில் மூவர் வதைபட்டதை அது மறுக்கவில்லை. ஆனாலும் உரிமை மீறல் இல்லை என்றது. காரணம்? மற்ற தமிழ் இளைஞர்களின் நிலையைவிட இவர்கள் நிலை மோசம் என்று காட்ட ஒன்றுமில்லையாம். வதைபடலாம் என்கிற வெறும் சாத்தியம் போதாதாம். இவர்களைத் தனித்துக் காட்டும் அடையாளம் வேண்டுமாம்.

யுத்தம் நடக்கிற நாட்டில் எல்லாருக்கும் ஆபத்து, எல்லாருக்கும் கதவைத் திறக்க முடியுமா என்று ஒரு அரசு கேட்கலாம். கேட்கட்டும். அது கதவைப் பற்றிய கணக்கு. அடிபடப் போகிற உடம்புக்கு அந்தக் கணக்கில் என்ன சம்பந்தம்? சேரிக்குள் வருகிறவன் பேர் கேட்டு அடிப்பதில்லை. தெருவைப் பார்த்து அடிக்கிறான். ஆளைப் பிரித்துப் பார்க்காத வன்முறையிடம் சிக்கியவனைப் பார்த்து, 'நீ தனியாள் என்று நிரூபி' என்றால் அவன் எதை எடுத்து நீட்டுவான்? (லண்டன் வரை போய் வழக்காடவும் காசு வேண்டும். அது இல்லாத பஞ்சமர்கள் எந்த முகாமில் கிடந்தார்கள் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

1993இல் இங்கிலாந்துச் சட்டம் மாறியது. அனுப்புவதற்கு முன்பே முறையிடலாம் என்றானது. ஸ்ட்ராஸ்பர்க்குக்கு இன்னும் நாளானது. நெதர்லாந்து வெளியேற்ற முயன்ற சோமாலியர் ஒருவர், பலமான குலத்தின் காவல் இல்லாத அஷ்ரஃப் சிறுபான்மையைச் சேர்ந்தவர். அந்தக் கூட்டத்தில் பிறந்ததே அவர் அடிபடக் காரணமாயிருக்க, மேற்கொண்டு தனி அடையாளம் கேட்பது பாதுகாப்பையே பொய்யாக்கிவிடும் என்று 2007 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பெரியப்பாவுக்குத் தெரியாத பதில் இதுதான். அவர் அப்போது இல்லை.

அடுத்த வருஷமே, 2008 ஜூலையில், ஒரு ஈழத்தமிழரை இங்கிலாந்து திருப்பி அனுப்பக் கூடாது என்று அதே நீதிமன்றம் தடுத்தது. ஆனால் தமிழர் எல்லாருக்கும் ஆபத்து என்று சொல்ல அது ஒப்பவில்லை. ஒவ்வொருவரிடமும் பார்க்க வேண்டிய ஆபத்துக் காரணங்களின் பட்டியலில் உடம்பிலுள்ள தழும்பும் ஒன்று.

பெரியப்பாவுக்குக் கை வீங்கித்தான் இருந்தது. தழும்பு விழவில்லை.