'பழசாயிடுச்சு' என்பது பதிலா?

குமரி மாவட்டக் கடற்கரையில் ஒரு ஃபைபர் வள்ளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்பக்கம் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டாருக்கு இருபது வயது. கரையில் கிளப்பினால் சமர்த்தாகக் கிளம்புகிறது. கடலுக்குள் பத்து நிமிஷம் போனதும் இருமுகிறது, திணறுகிறது, நின்றே விடுகிறது. ஏன்?

'பழசாயிடுச்சு, வேற என்ன?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். படகுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டியும் விடாதீர்கள். விஷயம் உங்கள் வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறது.

விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் எஞ்சினைத் தொடவே மாட்டார். எண்ணெய் டேங்க்கின் மூடியைப் பார்ப்பார். அதில் காற்று போக ஒரு சின்னத் திருகு இருக்கும். அது மூடியிருந்தால், எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று வராமல் வெற்றிடம் உண்டாகும். பத்தாவது நிமிஷம் எஞ்சினுக்குப் பட்டினி. வைத்தியம்? இரண்டு விரலால் திருகைத் திறப்பது. செலவு, பூஜ்யம்.

அது இல்லையா? டியூபின் நடுவில் இருக்கும் ரப்பர் உருண்டையை, எஞ்சின் ஓடும்போதே அமுக்கிப் பார்ப்பார். திணறல் தெளிந்தால், எண்ணெய் சரியாக வந்து சேரவில்லை என்று அர்த்தம். அடுத்து, எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா? பிறகு பிளக். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின்களில் பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும். இரண்டு சிலிண்டர் என்றால், பிளக் ஒயரை முறையாக எர்த் செய்து, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார். எதை நிறுத்தியும் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அப்புறம் கார்புரேட்டர். மாசக்கணக்கில் தேங்கிய எண்ணெய் பிசினாகி, ஊசிமுனைத் துளையை அடைத்திருக்கும்.

எல்லாம் பார்த்த பிறகுதான் கம்ப்ரஷனை அளப்பார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த மீட்டர் சொல்லிவிடும். 'பழசாயிடுச்சு' என்று சொல்லும் உரிமை அப்போதுதான் அவருக்கு வருகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த எஞ்சின் இருபது வருஷமாகத்தானே பழசாகிக்கொண்டிருந்தது? போன வாரம் வரை எப்படி ஓடியது? மெல்ல மெல்ல வருவது வயது. திடீரென்று வந்த கோளாறுக்கு அதை மட்டும் காரணம் சொன்னால் கணக்கு இடிக்கிறது.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. பி.காம். படித்த என் போன்றவர்களுக்குத் தேய்மானம் என்றால் தண்ணீர் பட்ட பாடு. ஒரு லட்ச ரூபாய் எஞ்சினுக்கு, ஒவ்வொரு வருஷமும் மிச்ச மதிப்பில் 15 சதவிகிதம் கழித்தால், பத்தாவது வருஷ முடிவில் ஏட்டில் இருப்பது சுமார் 19,700 ரூபாய். ஆனால், அந்த ஏட்டை எஞ்சின் படிப்பதில்லை! தேய்மானம் நம் வசதிக்காக நாம் எழுதிக்கொள்வது.

மனிதர்களுக்கும் இப்படி ஓர் ஏட்டைத் திறந்து வைத்திருக்கிறோம். போன தீபாவளிக்கு அத்தனை பட்சணமும் தனியாகச் செய்த அம்மா, இந்தப் பொங்கலுக்கு அடுப்பை அணைக்க மறக்கிறார். அப்பா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். 'வயசாச்சுல்ல' என்று ஒரு வார்த்தையில் பைலை மூடிவிடுகிறோம். பி-12 வைட்டமின் குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். சிறுநீரில் கிருமித் தொற்று வந்தாலே சில பெரியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வரும். சாப்பிடும் மாத்திரையாலும் வரலாம். இவையெல்லாம் கண்டுபிடித்தால் வைத்தியம் உள்ளவை.

பிறகு ஏன் தேடாமல் தீர்ப்பு எழுதுகிறோம்? 'வயசாச்சு' என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. காரணம் தெரிந்துவிட்டால் யாராவது ஒருவர் லீவு போட வேண்டும், பணம் எடுத்து வைக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். அந்த வார்த்தை அவர்களைப் பற்றிய முடிவு மாதிரி தெரிகிறது. பல நேரம் அது நாம் நமக்கே கொடுத்துக்கொள்ளும் விடுமுறை.

முதுமையே கிடையாது என்று நான் வாதாடவில்லை. சில ரிங்குகள் நிஜமாகவே தேய்ந்துதான் போகும். அப்போது சுமையைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, கரையோரமாக ஓட்டலாம். அதுவும் மரியாதைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு கடைசியில் வர வேண்டும், முதல் வரியில் அல்ல.

அடுத்த முறை அப்பா 'என்ன சொன்னே?' என்று மூன்றாவது தடவை கேட்டால், குரலை உயர்த்தாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப்போய் முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். குறும்பி அடைத்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை.