வென்றவரின் தவம்

(ராமகுப்பம் சத்சங்கத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

வாக்குப்பதிவு முடிந்த சில நாட்களில் சுவரொட்டிகள் உரிந்துவிடுகின்றன. உள்ளத்தில் ஒட்டிய பகை உரிவதில்லை. ஒரே கிணற்றில் நீர் இறைத்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உடன்பிறந்தார் வீட்டுத் திருமணத்துக்கும் செல்ல மறுக்கிறார்கள். “அவன் அந்தப் பக்கத்து ஆள்” என்ற ஒரு சொல்லில் ஐம்பது ஆண்டு உறவு அடங்கிவிடுகிறது.

நம் நாட்டிலேயே இதற்கொரு பாடம் உண்டு. கோவாவை மகாராஷ்டிரத்துடன் இணைப்பதா, தனி யூனியன் பிரதேசமாகவே வைப்பதா என்ற கேள்வி 1967 ஜனவரி 16 அன்று மக்கள் முன் வைக்கப்பட்டது. இணைப்புக்குப் பூ, தனித்திருப்பதற்கு இரட்டை இலை சின்னம். இணைப்பை ஆதரித்தோர் 1,38,170 பேர். எதிர்த்தோர் 1,72,191 பேர். தனித்திருப்பதே முடிவாயிற்று. எனினும், இணைப்புக்காகப் பாடுபட்ட தயானந்த் பண்டோட்கரிடமே இரண்டு மாதங்களில் நடந்த தேர்தல் மீண்டும் ஆட்சிப் பொறுப்பை அளித்தது. ஒரு கருத்து தோற்றதனால் அதைச் சொன்ன மனிதர் புறந்தள்ளப்படவில்லை.

ஆனால் எண்ணிக்கை கேள்வியைத் தீர்க்குமேயன்றி இதயத்தை ஆற்றாது. கொங்கணியா, மராத்தியா என்ற பூசல் அங்கே 1986-இல் மீண்டும் மூண்டு உயிர்களையும் பலிகொண்டது. ஆற்றப்படாத புண் எத்தனை ஆண்டுகள் கழித்தும் வலிக்கும்.

மகாபாரதம் இதை நுட்பமாகக் காட்டுகிறது. போரில் வென்ற யுதிஷ்டிரர், நூறு மக்களை இழந்த திருதராஷ்டிரரைப் பதினைந்து ஆண்டுகள் தந்தையாகவே போற்றினார். ஆனால் பீமனோ, தமையனுக்குத் தெரியாமல், முதியவரின் செவியில் விழும்படித் தன் தோள்வலியைப் பேசினான். அச்சொற்களைத் தாங்க மாட்டாமல் அவர் கானகம் புகத் துணிந்தார். பதினைந்து ஆண்டுப் பணிவிடையைச் சில சொற்கள் வீணாக்கின. வென்றவன் நாவடக்கமே வெற்றிக்குப் பின் செய்யவேண்டிய தவம்.

தோற்றவருக்கும் ஒரு தவம் உண்டு. மனக்குறையை நாள்தோறும் நெய்யூற்றி வளர்த்தால் முதலில் எரிவது நம் அந்தக்கரணமே. மாற்றுக் கருத்தை அறவழியில் தொடர்ந்து சொல்லலாம். அதைச் சொல்பவரிடம் அன்பு குறையவேண்டியதில்லை.

தமிழ்நாடும் கர்நாடகமும் அருகிருக்கும் இந்த ராமகுப்பம் பகுதியில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன. எல்லைப் பிணக்கின் முடிவில், 1960 ஏப்ரல் 1 அன்று, திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியது. அன்று இரு பக்கமும் எத்தனையோ மனங்கள் கசந்தன. எனினும் தமிழர் திருமலைக்குச் செல்வதும், தெலுங்கர் திருத்தணிக்கு வருவதும் நிற்கவில்லை. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்தது, பக்தியில் விழவில்லை.

ஆகவே, அன்பர்களே, இன்று ஒரு சிறு சாதனை செய்வோம். வாக்கு வேறுபாட்டால் பேச்சு நின்றுபோன ஒருவரை நினைவில் கொள்ளுங்கள். வென்றவர் யாரோ, அவரே முதலில் அவர் வாயிற்படி ஏறட்டும். யார் சரி என்று பேச வேண்டாம். நலம் விசாரியுங்கள், ஒரு வாய்த் தண்ணீர் கேட்டு அருந்துங்கள். எல்லா உயிர்களிலும் உறைபவன் ஒருவனே என்று நாம் நாளும் ஓதுவதன் பொருள் அந்த வாயிற்படியில் விளங்கும்.

அதற்கான துணிவை இறைவன் நமக்கு அருள்வானாக!