சுழலும் சபை

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூணைத் தட்டி, வலக்காதை வைத்தபோது தெளிவாய் எழுந்த ஸ்வரம், இடக்காதுக்கு வெறும் இரைச்சலாயிற்று. தலை சுழன்று கேள்வியும் மங்கும் எனது இவ்வியாதியை, மூளைக்கோளாறென்று வைத்தியர்கள் எண்ணியிருந்த காலத்தில், உட்செவியினின்று எழுவதென 1861-இல் பாரிஸில் எடுத்துரைத்தவர் மருத்துவர் மெனியேர். உப்பைக் குறைத்து, மாத்திரையும் விழுங்கி, (ஊறுகாயைத் துறப்பதன்றோ மெய்த்துறவு!) நாளடைவில் சுழற்சி தணிந்ததெனினும் போன கேள்வி மீளவில்லை.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிஷ்டை என ஞானத்துக்குப் படி வகுத்த சைவ சித்தாந்தம் முதற்படியையே கேள்வியிடம் ஒப்படைத்திருக்க, செவி பழுதானவனுக்கு எது வழி? அக்கோயிலில் கூத்தன் ஆடும் தாமிர சபையின் முன்னே ஒருநாள், அவனோடு மண்டபமே சுழல்வதாக என் புலன் சாட்சி சொல்லியபொழுது, அது பொய்ச்சாட்சியென்று உள்ளிருந்து அறிந்தது எது? தூணைப் பற்றியிருந்த உள்ளங்கையில் கல்லின் குளிர்ச்சி மட்டும் அசையாதிருந்தது.